மூத்தார் சொல்லாத எண்

அந்த ராணிக்கு ஒரு கை கிடையாது. இடுப்பை ஒடித்து நிற்கும் ஆட்டக்காரி பொம்மை அது. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவதுதான் அப்போது என் வேலை. பேசிக்கொண்டே துடைத்ததில் ஆட்டக்காரியின் வலது கை என் கையோடு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. மற்றப் பொம்மைகளுக்கு நடுவில் அவளைத் திருப்பி நிறுத்திவிட்டேன். ஊறுகாய் ஜாடிக்குப் பூசுகிற பழுப்புக் கிளேஸைப் பூசிக்கொண்டு, கையில்லாமலே அவள் சூளைக்குள் போய் வெந்து வந்தாள். கழித்துப் போட்ட குப்பையிலிருந்து என் மூத்தார் அவளை எடுத்து வந்து கறுப்பு ராணி ஆக்கினார். அவருடைய சதுரங்கக் காய்கள் எல்லாமே அப்படிப்பட்டவைதான். கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற குமிழில் மூளி விழுந்தது யானை. மூக்குப் போன தாத்தா பொம்மை மந்திரி. விரிசல் விட்ட பிள்ளையார் ராஜா. பிள்ளையாரை வெட்டினால் பாவமில்லையா என்று என் மாமியார் கேட்டதற்கு, இந்த ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்ட முடியாது, அதனால்தான் அவரை வைத்திருக்கிறேன் என்றாராம். "என்றாராம்" என்று சொல்கிறேன். ஏனென்றால் அவர் சொன்ன எதையும் நான் நேராகக் கேட்டுக்கொள்ளக் கூடாது.

மூத்தார் என்றால் புருஷனுக்கு அண்ணன். எங்கள் பக்கத்தில் மூத்தாருக்கு முன்னால் மருமகள் நிற்கக் கூடாது, அவரோடு பேசக் கூடாது, அவர் முகம் பார்க்கக் கூடாது. அவருக்கும் அதே சட்டம்தான். அறுபதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்குள் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள், மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர், மாமியார், மூத்தார், நான், அவ்வளவுதான் வீடு. மாமியார் கடைக்குப் போன நேரத்தில் மூத்தாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "தாகமா இருக்குது" என்பார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சொம்பை நீட்டுவேன். வாயை மூடத் தெரியாதவள் நான். பட்டறையில் நான் லீவு போட்டால் அன்றைக்கு வேலை ஓடாது என்று மேஸ்திரியே சொல்வார். மாமனார் வழி, மாமியார் வழி என்று ஒருத்தரை விடாமல் கேலி செய்திருக்கிறேன். தலைக்கு மேல் முந்தானை நிற்காது. புருஷன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டு மாமியாரிடம் விளக்குமாற்றால் வாங்கியிருக்கிறேன். ஆனால் மூத்தார் விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தேன். ஏனென்று அப்போது கேட்டிருந்தால் மரியாதை என்றிருப்பேன்.

அவர் சூளையில் பெட்டி அடுக்குகிறவர். பச்சைப் பீங்கான்களைச் சுடுமண் பெட்டிகளுக்குள் வைத்து, அந்தப் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ச் சூளைக்குள் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவர். சூளை கட்ட வந்த வெளியூர் இன்ஜினீயர் ஒருவர் போகும்போது விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் சதுரங்கப் புத்தகத்தை நான்கு வருடமாக எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அவரோடு ஆட ஊரில் ஆள் இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். இரண்டு பேரும் தபால் கார்டில் ஆடினார்கள். பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்க எண் உண்டு. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குக் காய் போகிறது என்று இரண்டு எண்ணை எழுதிப் போட்டால் போதும். கார்டு கைக்கு வந்து மூன்று நாளில் பதில் போட வேண்டும். எழுதிப் போட்டுவிட்டால் போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்ரீமுஷ்ணம். இவர்கள் ஒரு ஆட்டத்தை எட்டு மாதம் ஆடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அந்த வாத்தியாரும் இவருக்கு ஒரு மருமகள்தான் என்று நான் மாமியாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

முதல் இரண்டு ஆட்டத்திலும் மூத்தார் தோற்றார். மூன்றாவதற்குக் கறுப்புக் காய் வந்தது. வாத்தியார் 52-54 என்று ஆரம்பித்தார், நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் விடுவது. மூத்தார் 37-35 என்று பதில் போட்டார். இதற்குச் சிசிலியன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு அதை விளக்குவார். "நடுவுல வந்து நிக்கிறவனுக்கு நேரா போய் நிக்காத. பக்கத்துலேருந்து அவன் கையப் புடி. அவன் அடிக்க வருவான், வரட்டும். வந்தா அவன் வூட்டுல ஆள் இருக்காது." என் வீட்டுக்காரருக்கு அதில் பாதி தூக்கத்தில் போய்விடும். சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த எனக்குத்தான் முழுசும் ஏறியது. மாமியாரிடம் நான் மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்ததும் அதே ஆட்டம்தானே.

பலகை எப்போதும் தகரப் பெட்டி மேல் ஆட்டத்தோடு இருக்கும். அதை யாரும் தொடக் கூடாது. தூசு துடைக்க மட்டும் எனக்கு உத்தரவு. ஒவ்வொரு காயாக எடுத்துத் துடைத்து அதே கட்டத்தில் வைப்பேன். நான் மூன்றாவது வரைதான் படித்தேன். எழுத்து தடுமாறும். எண் தடுமாறாது, பொம்மை எண்ணிப் பழகிய கை. கார்டில் உள்ள எண்ணைப் பார்ப்பேன், பலகையைப் பார்ப்பேன், அடுத்து என்ன வரும் என்று எனக்குள் ஒரு எண் சொல்லிக்கொள்வேன். சில சமயம் சரியாக இருக்கும். அந்த நாட்களில் எனக்கிருந்த கர்வம் நகை போட்டவளுக்கும் இருந்திருக்காது. பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கும். அதில் மூத்தார் இப்படிப் போனால் என்ன, அப்படிப் போனால் என்ன என்று பக்கம் பக்கமாக எண்களை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருப்பார். அதைப் பிரித்துப் பார்க்கிற பொறுமை எனக்கு இருந்ததில்லை.

ஏழாவது கார்டில் மூத்தார் அந்த ஒற்றைக்கை ராணியை 26-இல் கொண்டுபோய் நிறுத்தினார். வாத்தியார் தன் ராணியை ஒரு கட்டம் நகர்த்திப் பதில் போட்டார். பலகையைத் துடைக்கும்போது பார்க்கிறேன், 22-இல் வாத்தியாரின் சிப்பாய் காவலே இல்லாமல் நிற்கிறது. நேர்க்கோட்டில் நம் ராணி. இடையில் ஒரு காய் கிடையாது. கறிவேப்பிலைக்குக் கூடக் கடைக்காரனோடு மல்லுக்கட்டுகிறவள் நான். சும்மா கிடைக்கிறதை எடுக்காமல் விடுவார்களா? ஆனால் மூத்தார் அன்றைக்கு எடுக்கவில்லை. எடுப்பதா வேண்டாமா என்று நோட்டில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

டைபாய்டு. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாவது நாள் சுத்தமாக நினைவில்லை. மூன்றாவது நாள் கார்டுக்குக் கடைசிக் கெடு. அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குச் சூளையில் நெருப்பு வேலை, பற்ற வைத்தால் விட்டுவிட்டு வர முடியாது. விலாசம் எழுதிய கார்டை என்னிடம் கொடுத்து, "கஞ்சி குடுக்கப் போறப்ப அண்ணனைக் கேட்டு, சொல்ற எண்ணை எழுதிப் பொட்டியில போட்டுடு. நெனவில்லன்னா ஒடம்பு சரியில்லன்னு எழுதிடு, கெடு தருவாரு" என்றார். மாமியாரும் நானும் போனோம். மாமியார் உள்ளே போய் வாயில் கஞ்சியை ஊற்றப் பார்த்தாள். நான் வார்டு கதவுக்கு வெளியே நின்றேன். மூத்தார் கண்ணை மூடிக்கொண்டு எதையெதையோ முனகினார். அதில் "இருவத்தாறு, இருவத்தாறு" என்று மட்டும் இரண்டு தரம் காதில் விழுந்தது. எதிலிருந்து என்று சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதுவதற்கு நான்கு எழுத்துக் கூட்ட வேண்டும், அது எனக்குச் சிரமம். இப்படிச் சொல்லிச் சமாளிக்கலாம். உண்மை வேறு. மூன்று நாளாக அந்தச் சிப்பாய் மேல் எனக்குக் கண். நான் ஆடினால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிறவரிடம் பேனாவை வாங்கி, 26-22 என்று எழுதி, பெட்டியில் போட்டுவிட்டேன். கார்டு உள்ளே விழுந்த சத்தம் கேட்டு, சினிமா முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் கரியோடு வந்த என் வீட்டுக்காரர் கேட்டார். "சொன்னாரா?"

"சொன்னாரு."

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரே வார்த்தை.

மூன்று வாரம் கழித்து, மூங்கில் மாதிரி இளைத்து மூத்தார் வீட்டுக்கு வந்தார். பாயில் உட்கார்ந்ததும் பலகையைத்தான் பார்த்தார். தம்பி ராணியை 22-இல் வைத்திருந்தார். வாத்தியாரின் பதிலும் வந்து, தம்பியே அதற்குக் கெடு கேட்டு வாங்கி வைத்திருந்தார். வாத்தியாரின் குதிரை ஒன்று பின்வாங்கி, ராணி போன வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "யார்றா ராணிய உள்ள வுட்டது?" என்றார். "நீதாண்ணா. ஆஸ்பத்திரில சொன்னியாம், அவதான் எழுதிப் போட்டா" என்றார் தம்பி. மூத்தார் ராணியை எடுத்துப் பார்த்துவிட்டு அதே கட்டத்தில் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்து, "நானா சொன்னேன்?" என்று கேட்டார்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். அது என்னைக் கேட்ட கேள்வி. மாமியார் முந்திக்கொண்டு, காய்ச்சலில் என்னென்னவோ பிதற்றினாய், உன் அப்பன் பேரையெல்லாம் சொன்னாய் என்றாள். நான் அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடவில்லை. மாமியார் காதில் சொல்வது போல அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "மூணு வாரம் பத்தியம் இருந்தாருல்ல அத்த, ராணிக்கும் பசி எடுத்திருக்கும்." மாமியார் சிரித்தாள், வீட்டுக்காரர் சிரித்தார். மூத்தாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார், காய்ச்சல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

அந்த ஆட்டம் அப்புறம் இரண்டு கார்டில் முடிந்தது. தான் செய்யாத தப்பைத் தான் செய்ததாக நம்பியவர் பயந்து போய் எதையோ ஒன்றை நகர்த்தினார். வாத்தியார் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளினார். ராணிக்கு எந்தப் பக்கமும் கதவில்லை. மூத்தார் தோல்வியை எழுதிப் போட்டுவிட்டுக் காய்களைக் கோணிப்பையில் கட்டிப் பரண் மேல் வைத்தார். ஆட்டத்தில் தோற்றால் என்ன, வாத்தியாரிடம் அவர் தோற்பது புதிதா, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்துப் பட்டறை முற்றத்தில் நான் பொம்மை துடைத்துக்கொண்டிருந்தேன். கிளேஸ் ரூம் கிழவர் வேலையை விட்டு நின்ற சமயம். கிளேஸ் ரூம் என்றால் உட்கார்ந்த வேலை. கல் மாவு, வெள்ளைக் களிமண் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து அளவு பார்த்துக் கலக்க வேண்டும். நிறுவையில் கொஞ்சம் பிசகினாலும் ஒரு சூளைச் சரக்கு முழுவதும் கொப்பளம் போட்டுக் குப்பைக்குப் போகும். கணக்கில் புத்தி உள்ள ஆள் என்று மேனேஜர் மூத்தாரைத்தான் கூப்பிட்டார். சம்பளம் கூட, பெட்டி தூக்க வேண்டாம், முதுகு பிழைக்கும். மூத்தார் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "வேணாங்க சார். காய்ச்சலுக்கப்புறம் என் தலைய என்னால நம்ப முடியலிங்க. நான் ஒன்னு சொல்லிட்டு, சொன்னதே எனக்குத் தெரியாம போயிடுது. ஒங்க சரக்க நான் பாழ் பண்ணிடக் கூடாது." மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மூத்தார் கும்பிட்டுவிட்டுப் போய்ப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

என் கையில் பஞ்சு அப்படியே நின்றுவிட்டது. எழுந்து ஓடி, சார், அவர் சொல்லவில்லை, நான் எழுதினேன் என்று முற்றத்தில் கத்தியிருக்கலாம். அன்று இரவு வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். மாமியாரிடம் சொல்லி விளக்குமாற்றால் வாங்கிக்கொண்டிருந்தாலும் தீர்ந்திருக்கும். எதையும் செய்யவில்லை. மூத்தாரோடு பேசக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததே, அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மருமகள் மூத்தாரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். வேறு எந்தச் சட்டத்துக்கும் அடங்காதவள் இதற்கு மட்டும் எவ்வளவு பதவிசாக அடங்கினேன் என்று நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. வருடங்கள் போயின. சூளைக்குள் குனிந்து குனிந்து அவருக்கு முதுகு வளைந்தது. சாயங்காலம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி மாமியாரிடம் கொடுத்தனுப்புவேன், ஒத்தடம் கொடுக்க. மருமகள் மாதிரி உண்டா என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவருக்கு அது எவ்வளவு ஆழத்தில் இறங்கியிருந்தது என்பதைச் சின்னச் சின்னதாகத்தான் பார்த்தேன். கதவைப் பூட்டிவிட்டு நான்கு எட்டு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். கடைக்குப் போனால் தம்பியிடம், "நான் புளி வாங்கியாரேன்னுதானே சொன்னேன்?" என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டு போவார். வீட்டில் இதுவும் ஒரு கேலியானது. அந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. முன்னறையில் பீங்கான் சத்தம். எட்டிப் பார்த்தால் பலகை விரித்திருக்கிறது. அதே ஆட்டம், அதே கட்டங்கள். ராணி 22-இல். மூத்தார் பரண் மேலிருந்து கோணிப்பையை இறக்கிப் பல மாதம் ஆகியிருக்கிறது. நாங்கள் இல்லாத நேரத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். காய்ச்சலில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது அவருக்கு. புது நோட்டு ஒன்று முழுக்க எண்கள். தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"டேய் தம்பி, எடுத்தது தப்பில்லடா. எட்டு வருசமா தப்பு தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன். பாரு, குதிரை வந்து வழிய அடைக்குதா, அப்பவே ராணிய ஒரே ஒரு கட்டம் ஓரத்துக்குத் தள்ளிட்டேன்னா, தீந்துது. புடிக்க முடியாது. ஒரு சிப்பாய் நமக்கு மிச்சம். நான் எப்படியெல்லாமோ போட்டுப் பாத்துட்டேன், வாத்தியாருக்கு ஒன்னும் கெடைக்கல. நல்லா இருக்கறப்ப பயந்துகிட்டு எடுக்காம இருந்தேன். காய்ச்சல்ல கெடக்கறப்ப என் தல சரியா சொல்லியிருக்குது பாரு."

தம்பிக்கு ஆட்டம் புரியவில்லை. அண்ணன் முகம் புரிந்தது. கிளேஸ் ரூமில் அப்போது இருந்த ஆள் குவைத்துக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மூத்தார் பலகையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு மேனேஜரைப் போய்ப் பாக்கறேன். என் தல நல்லாத்தான்டா இருக்குது" என்றார்.

இந்த இடத்தில் நான் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கம்மென்று இருந்திருக்க வேண்டும். எட்டு வருடம் இருக்கத் தெரிந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கத் தெரியாதா? இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். அப்போது எனக்குள் வந்தது பயமோ, பாவம் செய்துவிட்டோமே என்கிற நினைப்போ இல்லை. பெருமை. அந்தக் காயை எடுத்தது சரி என்று ஆனதும், அது நான் ஆடியதாயிற்றே என்று நாக்கு நமநமவென்றது. புத்தகம் வைத்து ஆடுகிறவர் எழுதி எழுதி முழித்த இடத்தில், மூன்றாவது படித்தவள் ஒரு நொடியில் பார்த்ததாயிற்றே. தப்பாக இருந்தவரை அது அவருடையதாக இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். சரியாகிப் போனதும் எனக்கு வேண்டியிருந்தது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னறைக்குள் போய் அவர் முன்னால் நின்றேன். அந்த வீட்டுக்கு வந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் முதல்தடவை.

"அது நீங்க சொல்லல மாமா. நான் எழுதிப் போட்டேன்."

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். மூத்தார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கொஞ்சம் பூனைக்கண் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கோபப்படுவார் என்று நின்றேன். அவர் பலகையை என் பக்கம் லேசாகத் திருப்பினார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில், இன்னொரு ஆட்டக்காரரைக் கேட்பது போலக் கேட்டார்.

"எடுத்துட்டு, அடுத்தது என்னா ஆடலாம்னு நெனச்சிருந்தம்மா?"

அடுத்தது என்று ஒன்றை நான் நினைத்ததே இல்லை. கார்டு பெட்டியில் விழுந்ததோடு என் ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் காத்திருந்தார். நான் கரண்டியைப் பார்த்தேன். "சும்மா கெடந்துது. எடுத்துட்டேன்" என்றேன் கடைசியில்.

அவர் தலையாட்டினார். பெருமையெல்லாம் முகத்திலிருந்து இறங்கிப் போவதை நான் நின்று பார்த்தேன். "அப்ப அத ஆடுனது நம்ம ரெண்டு பேருமே இல்ல" என்று சொல்லிவிட்டு, காய்களை ஒவ்வொன்றாகக் கோணிப்பைக்குள் போட்டார். அன்றைக்குக் கறிக்குழம்பை யாரும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் என் கையால் நான்கு நாள் சாப்பிடவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி, "சொன்னாருன்னு என் மூஞ்சியப் பாத்துதானேடி சொன்னே?"

மறுநாள் காலையில் பாத்திரம் விளக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்த பிறகு தப்பிக்கிற வழியைக் கண்டுபிடித்த தலை யாருடையது? யார் சொல்லிக் கொடுத்து எழுதினார் அந்த நோட்டு முழுவதும்? அவர் தலையில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? இதை முந்தின நாளே சொல்லத் தெரியாமல், என் பங்கைக் கேட்க மட்டும் ஓடியிருக்கிறேன். கைச் சாம்பலோடு வாசலுக்கு ஓடினேன். மூத்தார் சோற்றுத் தூக்கோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "மாமா, அத கண்டுபுடிச்சது ஒங்க தலதான. மேனேஜரப் போய்ப் பாருங்க மாமா" என்றேன். தெருவில் நாலு பேர் பார்க்க மூத்தாரோடு பேசுகிறேன் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. "சரிம்மா" என்றார் அவர். அவ்வளவு தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் எட்டு வருடம் ஊறிய சந்தேகம் ஒரு ராத்திரியில் போகுமா, பட்டறைக்குள் நுழைந்ததும் ஆபீஸ் பக்கம் போகவில்லை, நேராகச் சூளைக்குத்தான் போனார். துடைக்கிற இடத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே வேப்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவரைக் கிளேஸ் ரூமுக்குப் போட்டார்கள். மூத்தார் ஓய்வு பெறும்வரை பெட்டிதான் தூக்கினார்.

என்னைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதில்லை. அதற்கு நேர் எதிராக ஒன்று செய்தார். ஸ்ரீமுஷ்ணம் வாத்தியாருக்குக் கார்டு எழுதினார், அந்தச் சிப்பாயை எடுத்தது என் தம்பி சம்சாரம், கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளவும் என்று. பேட்டை டீக்கடையில் ஆட்டம் பற்றிப் பேச்சு வந்தால், "எங்க வூட்டு மருமவ அப்பவே ஆடுனா" என்பாராம். எப்படி ஆடினேன், என்ன பொய் சொன்னேன் என்பதை விட்டுவிடுவார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அவர் சொன்ன பாதிதான். அவர் காலமாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அந்தப் பாதி இன்னும் இருக்கிறது.

போன மாதம் எங்கள் தெருவை அடுத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். அந்தக் காலத்திலேயே சிசிலியன் ஆடிய பெண்மணி என்று என்னைக் கூட்டிப் போய் மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். தபால் கார்டு கதையை ஒரு வாத்தியாரம்மா அழகாகச் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு மைக்கை என் கையில் கொடுத்து, அனுபவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். எடுத்துவிட்டு எப்படித் தப்புவது என்று எட்டு வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்தவர் இன்னார், சால்வை அவருடையது என்று இரண்டு வாக்கியம், அவ்வளவுதான் வேண்டும். மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் எத்தனை முகம். "எனக்குப் பேச வராதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பேட்டையில் என்னோடு வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள், என் வாயைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். கூட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் அடங்குவதற்கு வெகுநேரமாயிற்று.